புளிசாதப் பொட்டலமும் புண்ணியக் கணக்கும்

புயல் கரையைக் கடந்து மூன்றாவது நாள். ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் ஒரு மினி லாரி நின்றுகொண்டிருக்கும். பக்கவாட்டில் ஃபிளெக்ஸ் பேனர். அதில் கல்லூரியின் பெயர் கொட்டை எழுத்தில், துறையின் பெயர் அதைவிடக் கொஞ்சம் சிறிதாக, எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊரின் பெயர் ஆகச் சிறிதாக. உள்ளே பிஸ்கட், பிரெட், பால் பவுடர், தண்ணீர் பாட்டில், நூடுல்ஸ், மெழுகுவர்த்தி, மூட்டை மூட்டையாகப் பழைய துணி. கொடியசைக்க ஒருவர், போட்டோ பிடிக்க நாலு பேர். லாரி கிளம்புகிறது. எல்லோருக்கும் நெஞ்சு நிறைகிறது.

அந்த நெஞ்சு நிறைவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது போலியானது என்று சொல்ல வரவில்லை. லாரியில் மூட்டை ஏற்றியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மெஸ் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் டீயும் பன்னுமாக ஓட்டியவர்களும் அதில் உண்டு. ஆனால் நல்ல மனசு ஒரு விஷயம், நல்ல காரியம் இன்னொரு விஷயம். நிவாரணம் என்று வந்துவிட்டால் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு புயலுக்கும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அதே தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது.

சொல்ல வந்தது இவ்வளவுதான். முதல் சில நாள் சமைத்த சோறு போடுங்கள். அதற்குப் பிறகு, கடை திறந்துவிட்ட ஊருக்குப் பொருளை அனுப்பாதீர்கள். பணத்தைக் கொடுங்கள்.

"இரக்கமே இல்லாத காமர்ஸ் புத்தி" என்று சிலர் முகம் சுளிக்கலாம். கடைசிவரை படித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

முதல் மூன்று நாள்

வீடு இடிந்தவனுக்கு, வெள்ளத்தில் மாட்டியவனுக்கு முதல் மூன்று நாள் வேண்டியது சோறு. அரிசி இல்லை, சோறு. இந்த வித்தியாசம் லாரி ஏற்றுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. அரிசியைச் சோறாக்க அடுப்பு வேண்டும், காய்ந்த விறகோ கேஸோ வேண்டும், பானை வேண்டும், குடிக்கக்கூடிய தண்ணீர் வேண்டும், ஒரு தீப்பெட்டி வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவனிடம் 5 கிலோ அரிசிப் பையைக் கொடுப்பது, பேனாவுக்குப் பதில் மை பாட்டிலை மட்டும் நீட்டுவது மாதிரி.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனது. சுமார் 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ரோடும் துண்டிப்பு. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட்டார்கள், மீட்பு ரயில் வந்தது, எல்லாம் சரி. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பசியை முதலில் ஆற்றியது யார்? பக்கத்துக் கிராமத்து ஜனங்கள். தங்கள் ஊரும் வெள்ளத்தில் இருக்கும்போதே வீட்டிலிருந்த அரிசி பருப்பை எடுத்து வந்து சமைத்துப் போட்டார்கள்.

எந்தப் பேரிடரை எடுத்துக்கொண்டாலும் முதல் சோறு பக்கத்துத் தெருவிலிருந்துதான் வருகிறது. கோயில் மடப்பள்ளி, சர்ச் வளாகம், பள்ளிவாசல், கல்யாண மண்டபம், சத்துணவுக் கூடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் அம்மா உணவகங்களில் இலவசமாகவே சாப்பாடு போடப்பட்டது. இங்கெல்லாம் அடுப்பு ஏற்கனவே இருக்கிறது, அண்டா இருக்கிறது, ஐந்நூறு பேருக்கு உப்பு எவ்வளவு போடவேண்டும் என்று தெரிந்த சமையல்காரர் இருக்கிறார். இதுதான் உண்மையான அமுதசுரபி. உதவ வேண்டும் என்று தவிக்கிறவர்கள் முதல் மூன்று நாளில் செய்யவேண்டியது, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து பிரெட் வாங்குவதல்ல; அந்த அண்டாவுக்கு அரிசி, கேஸ் வாங்கக் காசு அனுப்புவது.

இதுவரைக்கும் பெரிய சண்டை எதுவும் இல்லை. சண்டை ஆரம்பிப்பது நாலாம் நாள்.

காணாமல் போனது அரிசியா, காசா?

நாலாம் நாளோ எட்டாம் நாளோ, ஒரு நாள் கடை திறக்கும். மளிகைக் கடைக்காரர் நனைந்த சரக்கைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, தெரிந்த மொத்த வியாபாரியிடம் கடன் சொல்லி நாலு மூட்டை இறக்குவார். கடையில் அரிசி இருக்கும். ஆனால் எதிர்வீட்டில் அடுப்பு எரியாது. ஏன்? படகு போய்விட்டது, வலை போய்விட்டது, தென்னை சாய்ந்துவிட்டது, தறியில் தண்ணீர் புகுந்துவிட்டது, கூலிவேலை ஒரு மாசத்துக்குக் கிடையாது. அந்த வீட்டில் இல்லாதது அரிசி அல்ல, அரிசி வாங்கும் காசு.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட பஞ்சம் பற்றிய புத்தகத்தின் மையமே இதுதான். 1942 அக்டோபரில் வங்காளத்தின் மிதுனாப்பூர் பகுதியைப் பெரும் புயல் தாக்கியது. அடுத்த வருஷம் வங்காளப் பஞ்சம். இருபது முப்பது லட்சம் பேர் செத்தார்கள். அந்த 1943-ல் வங்காளத்தில் இருந்த மொத்த உணவு, பஞ்சமே இல்லாத 1941-ல் இருந்ததைவிடக் குறைவில்லை என்பது சென்னின் வாதம். யுத்தகாலத்து விலைவாசி எகிறியது, கிராமத்துக் கூலிக்காரன், மீனவன், கைத்தொழில்காரன் ஆகியோரின் வருமானம் அதோடு சேர்ந்து ஏறவில்லை. அரிசி மண்டியில் இருந்தது, மனுஷன் அதன் வாசலில் செத்தான். விவரங்களில் சென்னோடு மல்லுக்கு நிற்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் பசி என்பது பல நேரம் சரக்குப் பற்றாக்குறை அல்ல, வாங்கும் சக்தியின் பற்றாக்குறை என்பதை யாராலும் இன்று ஒதுக்கிவிட முடியாது.

வாங்கும் சக்தி போனவனுக்குச் சரக்கை இலவசமாக அனுப்பினால் என்ன நஷ்டம், அவன் பசி தீர்ந்துவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் குவாத்தமாலாவில் இருக்கிறது.

1976 பிப்ரவரி 4 விடியற்காலை அந்த மத்திய அமெரிக்க நாட்டில் பூகம்பம். சுமார் 23,000 பேர் பலி. மண்சுவர் வீடுகள் அத்தனையும் சரிந்தன. ஆனால் சற்று முன்புதான் அங்கே சோளம் நன்றாக விளைந்து அறுவடை முடிந்திருந்தது. இடிபாட்டுக்கு அடியில் தானியம் அப்படியே இருந்தது. தோண்டி எடுத்தால் போதும். விவசாயிக்கு வேண்டியது அந்தச் சோளத்தை நல்ல விலைக்கு விற்று, கூரைக்குத் தகரம் வாங்குவது. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு உதவித் தானியம் ஆயிரக்கணக்கான டன் கணக்கில் வந்து இறங்கியது. இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? விலை சரிந்தது. வீடு இழந்தவன், கையில் மிச்சமிருந்த ஒரே சொத்தின் மதிப்பையும் இழந்தான். நிவாரணக் களத்தில் நின்றவர்களே இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் குவாத்தமாலா அரசாங்கமே தானிய உதவி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போடவேண்டியதாயிற்று.

பூகம்பம் அவனை ஒருமுறை அடித்தது, உதவி இரண்டாவது முறை அடித்தது. டிமாண்ட், சப்ளை என்று முதல் வருஷத்தில் போர்டில் போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவில் இப்படிச் சில ஆயிரம் குடும்பங்கள் நசுங்குகின்றன.

ஹைத்தி கேட்ட கேள்வி

2010 ஜனவரி 12. ஹைத்தியில் பூகம்பம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரும்பகுதி தரைமட்டம். உலகமே அள்ளிக் கொடுத்தது. கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ. அதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் பூகம்பம் வந்து இரண்டே மாதத்தில், மார்ச் மாதம், அந்நாட்டு அதிபர் ரெனே பிரெவால் வாஷிங்டன் போனபோது என்ன சொன்னார் தெரியுமா? வெளியிலிருந்து உணவும் தண்ணீரும் இப்படியே வந்துகொண்டிருந்தால் அது ஹைத்தியின் உற்பத்தியோடும் வியாபாரத்தோடும் போட்டி போடும் என்றார். இடிந்த நாட்டின் அதிபர், உணவு அனுப்புவதைக் குறையுங்கள் என்கிறார்! பைத்தியமா அவருக்கு?

பைத்தியம் இல்லை, பட்ட அனுபவம். ஒரு காலத்தில் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொண்ட நாடு ஹைத்தி. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் நெருக்குதலில் அரிசி மீதான இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி மலிவாக வந்து குவிந்தது. அதை ஹைத்தி ஜனங்கள் 'மியாமி அரிசி' என்றே கூப்பிடுவார்கள். உள்ளூர் நெல் விவசாயி வயலை விட்டுவிட்டுத் தலைநகரின் குடிசைப் பகுதிக்குப் போனான். 2010-ல் அந்தத் தலைநகரம்தான் இடிந்து விழுந்தது. அதே மார்ச் மாதம் பில் கிளின்டன் அமெரிக்க செனட் கமிட்டி முன்னால் உட்கார்ந்து, இந்தக் கொள்கை தன் சொந்த மாநிலமான அர்கன்ஸாவின் விவசாயிகளுக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் அது ஒரு தவறு, ஹைத்தி தன் மக்களுக்குச் சோறு போடும் திறனை இழந்ததற்குத் தானும் பொறுப்பு என்ற பொருளில் பேசினார். ஒரு முன்னாள் அமெரிக்க அதிபர் அரிசிக்காக வருத்தம் தெரிவித்தது அபூர்வக் காட்சி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவு இறக்குமதியும் நிவாரணமும் ஒன்றல்ல. ஆனால் உள்ளூர் விவசாயியின் கண்ணுக்கு இரண்டும் ஒரே மூட்டையாகத்தான் தெரியும். மூட்டையின் மேல் அன்பளிப்பு என்று எழுதியிருப்பதால் அவன் நெல்லின் விலை ஏறிவிடாது.

அனுப்புகிறவனுக்கு என்ன லாபம்?

இப்படித் தெரிந்தும் ஏன் பொருளாகவே அனுப்புகிறார்கள்? பொருளாக அனுப்பினால் அனுப்புகிறவனுக்கு லாபம், அதனால்தான்.

1954-ல் அமெரிக்கா பி.எல்.480 என்ற சட்டத்தைப் போட்டது. அந்த நாட்டில் விளைந்து, விற்காமல் குவிந்து கிடந்த தானியத்துக்கு ஒரு வடிகால் வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 1960-களில் இந்தியாவும் அந்தக் கோதுமையை வாங்கிச் சாப்பிட்ட நாடுதான். அந்த வழியில் போன உதவியில் தானியத்தை அமெரிக்காவிலேயே வாங்கவேண்டும். அதில் குறைந்தது பாதியையாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலிலேயே ஏற்றவேண்டும் என்று விதி. விளைவு? 2007-ல் அந்நாட்டு அரசாங்கத்தின் தணிக்கை அலுவலகமே கணக்குப் போட்டுப் பார்த்தது. அவசர உணவு உதவிக்கு ஒதுக்கிய பணத்தில் சுமார் 65 சதவீதம் கப்பல் கூலி, கிடங்கு, நிர்வாகம் போன்றவற்றுக்கே போயிருந்தது. நூறு ரூபாயில் முப்பத்தைந்து ரூபாய்தான் சோறு! மிச்சம் கப்பல்காரனுக்கும் கிடங்குக்காரனுக்கும்.

அமெரிக்காவைத் திட்டுவது சுலபம். கல்லூரி வாசலில் நிற்கும் மினி லாரியின் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்கலாமா? பிஸ்கட் பாக்கெட்டைச் சில்லறைக் கடையில் எம்.ஆர்.பி. விலைக்கு வாங்குகிறார்கள். பாதிக்கப்பட்ட ஊரின் மொத்த வியாபாரி அதையே குறைந்த விலைக்குக் கொடுப்பார். லாரி வாடகை, டீசல், டோல், டிரைவர் பேட்டா, கூடப்போகும் பத்துப் பேரின் சாப்பாடு, பேனர், டி-ஷர்ட். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்த 65 சதவீதம் ரொம்ப தூரத்தில் இல்லை என்று தோன்றும். ஒரே வித்தியாசம், அமெரிக்காவில் தணிக்கை செய்ய ஓர் அலுவலகம் இருந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வரிசையாகப் படுத்துவிட்டன. எங்கிருந்தெல்லாமோ லாரிகள் கிளம்பின, அரிசி மூட்டையோடு. எங்கே? தஞ்சை டெல்டாவுக்கு! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. அந்த ஜனங்களுக்குப் போயிருந்தது தென்னை. நட்டால் காய்க்க வருஷக்கணக்கில் ஆகும் தென்னை. அவர்களுக்கு வேண்டியிருந்தது தார்ப்பாய், ஜெனரேட்டர், சாய்ந்த மரத்தை அறுத்து அகற்றக் கூலி, அடுத்த பல மாசத்துக்குக் கைச்செலவுக்குப் பணம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்

இப்படிப் பழமொழி சொல்லியே வாங்குகிறவனின் வாயை அடைத்தாகிவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நாகை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அடுத்த சில வாரங்களில் நாகையின் சாலையோரங்களில் என்ன குவிந்தது என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பழைய துணி. மலை மலையாக. கிழிந்தது, சாயம் போனது, கடற்கரை ஊருக்குச் சம்பந்தமே இல்லாத குளிருடை. மீனவர்கள் அதைத் தொடவில்லை. கடலை நம்பிக் கௌரவமாகப் பிழைத்தவர்கள் அவர்கள். கந்தலை வாங்க வரிசையில் நிற்கப் பழகியவர்கள் அல்ல. கடைசியில் அந்தக் குவியலை அப்புறப்படுத்துவதே நிர்வாகத்துக்கு ஒரு தனி வேலையாகப் போயிற்று. பிணத்தைத் தேடவேண்டிய கைகள் குப்பையை அள்ளின.

மாட்டின் பல்லைப் பார்க்கத்தான் வேண்டும். பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துணியைவிடக் கொடுமையான உதாரணம் பால் பவுடர். 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பூகம்பத்துக்குப் பிறகு, நன்கொடையாக வந்த பால் பவுடர் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் கண்டபடி விநியோகம் ஆனது. பிறகு ஆய்வு செய்து பார்த்தார்கள். அந்தப் பவுடரைப் பெற்ற இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு, பெறாத குழந்தைகளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் ரொம்ப எளிது. பவுடரைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். வெள்ளமோ பூகம்பமோ வந்த ஊரில் முதலில் கெடுவது தண்ணீர். பாட்டிலைக் கொதிக்கவைக்க வழி கிடையாது. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு உதவி என்ற பெயரில் பேதியைக் கொடுத்தாயிற்று. இந்தியாவில் 1992-லேயே தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பவுடரை இஷ்டத்துக்கு இலவசமாக விநியோகிப்பதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நிவாரணப் பட்டியலில் பால் பவுடர் எப்போதும் முதல் வரிசையில்.

யாருக்குப் போகிறது?

லாரி எங்கே நிற்கும்? மெயின் ரோட்டில். ஏனென்றால் உள்ளே வண்டி போகாது, இருட்டுவதற்குள் திரும்பவேண்டும், வேகமாக ஓடிவந்து கைநீட்டுகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். கஜா சமயத்தில் உள்ளடங்கிய கிராமங்களுக்கு எதுவுமே வரவில்லை என்று பல இடங்களில் மறியல் நடந்தது. ரோட்டோரத்து ஊரில் ஒரே வீட்டில் பத்து பிரெட் பாக்கெட், ஐந்து கிலோமீட்டர் உள்ளே ஒன்றுமில்லை. ஓட முடியாத கிழவி, மாற்றுத்திறனாளி, கைக்குழந்தைக்காரி, இவர்கள் எந்த லாரியையும் பிடித்ததில்லை.

இன்னொரு விஷயம் வெளியே பேசக் கூச்சப்படுகிற விஷயம். சுனாமி நிவாரணத்தில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் 2005-லேயே பதிவு செய்தன. முகாமில் ஒன்றாக உட்கார விடவில்லை, தண்ணீர் எடுக்க விடவில்லை, படகு இல்லாத கூலிக்காரனுக்கு இழப்பு இல்லை என்று சொல்லிப் பட்டியலிலிருந்தே விட்டுவிட்டார்கள். லாரியிலிருந்து பொட்டலம் வீசும் வெளியூர்க்காரருக்கு இது எதுவும் தெரியாது. ஊர்ப் பெரியவர் யாரையோ கேட்பார், அவர் காட்டிய தெருவில் இறக்குவார், மனநிறைவோடு திரும்புவார். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற தானம், ஊரில் ஏற்கனவே இருக்கிற மேடு பள்ளத்தின் வழியேதான் ஓடும். மேட்டுக்கு ஏறாது.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஹைத்தியில் முதல் சில நாள் வலுத்தவன் அடித்துப் பிடுங்கிக்கொண்டு போனதைப் பார்த்த உலக உணவுத் திட்டம், ஜனவரி இறுதியில் முறையை மாற்றியது. தலைநகரில் 16 நிலையான இடங்கள். முன்கூட்டியே கூப்பன். கூப்பன் பெண்களுக்கு மட்டும். 25 கிலோ அரிசி மூட்டை அந்தப் பெண்ணின் பெயரில். கூட்டம் ஒழுங்குக்கு வந்தது. பட்டியல் முதலில், பொருள் பிறகு. லாரிக்காரர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

காசு கொடுத்தால் குடித்துவிடுவான்!

வந்தாயிற்று அந்த வாதம். வராமல் இருக்காது.

"கையில் பணம் கொடுத்தால் நேராக டாஸ்மாக்குக்குப் போய்விடுவான்." ஏழை என்றால் குடிகாரன் என்று ஒரு முடிவு. 2014-ல் உலக வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு, பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பண உதவி பெற்ற குடும்பங்களில் குடிக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை என்பதுதான் கண்டது. பெரும்பாலும் குறைந்தே இருந்தது. இங்கே குடிப்பழக்கம் ஒரு பெரிய வியாதி என்பது நிஜம். அதற்கு மருந்து, பணத்தைக் குடும்பத் தலைவியின் கையில் கொடுப்பது. எல்லோருடைய கையையும் கட்டிப்போடுவது அல்ல. குடிக்கிறவன் இலவச அரிசியையும் விற்றுக் குடிப்பான், அது வேறு கதை.

இன்னொரு சாட்சி பக்கத்திலேயே, கடல் தாண்டி இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இலங்கையில், 2005 இறுதியில் தொடங்கிச் சில மாதங்கள், உலக உணவுத் திட்டம் ஒரு சோதனை செய்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதிக்கு வழக்கமான உணவுப் பொருள், இன்னொரு பகுதிக்கு அதற்குச் சமமான பணம். பணம் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? அரிசி, கோதுமை மாவுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தரமான அரிசி, மீன் இறைச்சி, பால் பொருள் என்று வகைவகையாக வாங்கிச் சாப்பிட்டார்கள். தட்டில் என்ன இருக்கவேண்டும் என்று அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ரோமில் இருக்கும் தலைமையகத்துக்கோ, கல்லூரி வாசலில் பிரெட் அடுக்குகிற பையனுக்கோ அது தெரிய வழியில்லை.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. "எல்லோர் கையிலும் பணம் இருந்து, கடையில் சரக்கு இல்லாவிட்டால் விலை ஏறாதா?" ஏறும். சந்தேகமே வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையில் ஒரு லிட்டர் பால் 100 ரூபாய்க்கு விற்றதாகச் செய்திகள் வந்தன. சரக்கு வர வழியே இல்லாத இடத்தில் பணம் வெறும் காகிதம். அங்கே பொருள்தான் போகவேண்டும். ஹெலிகாப்டரிலோ படகிலோ போகட்டும். இங்கே பணம்தான் சாமி என்று யாரும் கும்பிடச் சொல்லவில்லை. கேட்பது ஒரே ஒரு கேள்வி: அந்த ஊரில் கடை திறந்திருக்கிறதா? திறந்திருக்கிறது என்றால் பணம். இல்லை என்றால் பொருள். இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு போன் கால் போதும். அந்தப் போனைப் போடாமலேயே லாரியில் ஏற்றுகிறார்கள் என்பதுதான் புகார்.

பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது முடியாத காரியமா? தமிழ்நாட்டில் 34 ஆயிரத்துக்கும் அதிகமான ரேஷன் கடைகள் இருக்கின்றன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் ரேஷன் கடை வழியாகவே குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார்கள். குறை இல்லாமல் இல்லை. கார்டு இல்லாதவர்கள், வாடகை வீட்டில் வெளியூர்க் கார்டோடு இருப்பவர்கள், வடமாநிலத் தொழிலாளிகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி உடனே எழுந்தது. நியாயமான கேள்வி. கல்லூரிப் பிள்ளைகளின் உழைப்பு உண்மையில் தேவைப்படுவது அங்கேதான். கார்டில் விட்டுப்போனவர்களைத் தேடிப்பிடித்துப் பட்டியல் எழுதும் வேலை. அதில் போட்டோவுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாசச் சோறு இருக்கும்.

குறைவாகக் கொடுங்கள் என்று யார் சொன்னது?

இந்த மாதிரி வாதத்தைக் கேட்டதும், "சரிதான், நிவாரணமே வீண்" என்று பர்ஸை மூடிக்கொள்ளும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே இழுத்து மூடியது. அந்தக் குழப்பத்தில், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்காக வாங்கி துபாய்க் கிடங்கில் வைத்திருந்த சத்து பிஸ்கட் சுமார் 500 டன் விநியோகம் ஆகாமலேயே காலாவதி ஆனது. அழிக்க உத்தரவு. பசித்த குழந்தை ஒரு பக்கம், எரிக்கவேண்டிய பிஸ்கட் ஒரு பக்கம். கொடுக்கும் முறையைத் திருத்தவேண்டும் என்பது ஒன்று. கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்பது வேறொன்று. முதலாவது அறிவு. இரண்டாவது கல்நெஞ்சம்.

ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது அவசர உதவிக்கு உலக அளவில் வைத்திருக்கும் கணக்கு. சுமார் 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, சத்துமாவு. அதை பிஸ்கட்டிலேயே ஈடுகட்டினால் தினமும் கிட்டத்தட்ட அரைக்கிலோ பிஸ்கட் தின்னவேண்டும். யாராவது நாலு நாள் தின்று பார்த்துவிட்டு அப்புறம் அனுப்பட்டும்.

அடுத்த புயல் வரும். வங்காள விரிகுடாவுக்கு அது வருஷாந்திர வழக்கம். அப்போது இதைப் படித்தவர்களில் யாராவது கல்லூரி வாசலில் நிற்க நேர்ந்தால், லாரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஊரில் இருக்கும் ஒருவருக்கு போன் போடுங்கள். கடை திறந்திருக்கிறதா, சமைக்கிற இடம் எங்கே, விட்டுப்போன தெரு எது என்று கேளுங்கள். முதல் மூன்று நாள் அண்டாவுக்குக் காசு. அதற்குப் பிறகு வீட்டுக்குக் காசு. கடையே இல்லாத இடத்துக்கு மட்டும் பொருள். பழைய துணியைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். பால் பவுடரைத் தொடவே வேண்டாம்.

பேனர் அடிக்கிற காசு ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் மளிகை. பணமாக அனுப்பினால் கொடியசைக்க ஆள் வராது, போட்டோவில் காட்ட மூட்டை இருக்காது, கைகூப்பி நிற்கும் கிழவி இருக்கமாட்டாள். அந்தக் கிழவி தன் ஊர் அண்ணாச்சி கடையில், தனக்குப் பிடித்த அரிசியை, தானே பேரம் பேசி வாங்கிக்கொண்டிருப்பாள். 'இது நல்லால்ல, வேற காட்டு' என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

வீடு வாசல் போனவளுக்கு அந்த ஒரு வார்த்தை சொல்லும் உரிமையாவது மிஞ்சவேண்டும். புண்ணியக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.